ஒன்பதாம் படி

கேமில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணை அவன் நிறுத்தினான். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் அவள் நிற்பாள். அவள் நின்றால் அவளுக்குப் பின்னால் வருவதும் நிற்கும். ‘காலி வீடு’ என்ற அந்தக் கேமின் முதல் சட்டம் அது. நின்றது. நின்ற பிறகு, மெல்ல, இன்னொரு காலடி விழுந்தது.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே மழை விடுவதாக இல்லை. கண் கூசாமல் இருக்க ஜன்னல் துணிகளை இழுத்து மூடியிருந்ததால் ஹால் முழுக்க டிவியின் நீல வெளிச்சம் மட்டும் பரவியிருந்தது. ஈரத் துணியின் வாடை, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, கூரையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தம். ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். பெண்ணை நான்கு எட்டு நடக்கவிட்டு நிறுத்தினான். பின்னால் வந்ததும் நின்றது. அப்புறம் அந்த ஒன்று.

அதை அவன் செய்யவில்லை. அதுதான் சிக்கல். ஏனென்றால் அந்தக் காலடிகள் எல்லாமே அவன் செய்தவை.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வந்த பழைய ‘காலி வீடு’ அவனுக்கும் அக்காவுக்கும் மனப்பாடம். அக்கா விளையாடுவாள், அவன் தலையணையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவான். வேலைப் பிரிவினை அப்படி. துரத்தி வருவதற்குக் கேமில் முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. காலடி மட்டும்தான். இவர்கள் அதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாலை வெட்டிவிட ஒரே வழிதான் உண்டு. அந்த வீட்டில் ஒரு சமையல்காரர் இருப்பார், தட்டோடு தாழ்வாரத்தில் போவார், வருவார். அவர் தாண்டிப் போகும்வரை மூச்சுக் காட்டாமல் நின்றால் போதும். வால் நம்மை விட்டுவிட்டு, நடக்கிறவர் பின்னால் போய்விடும்.

“பாவம்க்கா அவரு,” என்பான் இவன்.

“நாம தப்பிச்சா போதும்டா. அசையாம இரு.”

வளர்ந்து, கேம்களுக்குச் சத்தம் செய்யும் வேலைக்கே போனான். கதவு, கண்ணாடி, மழை எல்லாம் செய்வான் என்றாலும் காலடியில் கைதேர்ந்தவன் என்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே ‘காலடி’ ஆகிவிட்டது. போன வருடம் அதே கேமை இன்றைய தொழில்நுட்பத்தில் புதிதாக எடுத்தபோது, வாலின் நடையை அவனிடம் கொடுத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு. ஸ்டூடியோவில் மராமத்து நடந்துகொண்டிருந்ததால் வீட்டு மாடிப்படியிலேயே பதிவு செய்தான். மனைவி லேபுக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஐந்து வாரம், தினமும் ஏறினான், இறங்கினான். முதல் வாரம் பதிந்தது கேமின் முதல் கட்டத்துக்கு, கடைசி வாரம் பதிந்தது கடைசிக் கட்டத்துக்கு.

கடைசி வாரப் பதிவைக் கேட்டு சத்தப் பிரிவின் தலைவி எழுந்து நின்று கைதட்டினாள். “நின்னதுக்கு அப்புறமும் ஒரு அரை அடி விழுது பாரு, அது எப்படிப்பா தோணிச்சு உனக்கு?”

அவனுக்குத் தோணவில்லை. சுவரின் எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் வலிய வந்த புகழை யார் விடுவார்கள்? “சும்மா ஒரு முயற்சிதான்,” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான்.

இன்று காலை அவளே போன் செய்திருந்தாள். “காலடி, ஒருத்தன் நம்ம கேமை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் காது வெச்சுக் கேட்டிருக்கான்யா. முதல் கட்டத்துல, நின்னதுக்கு அப்புறம் நாலு அடி வருதாம். ரெண்டாவதுல மூணு. அப்படியே குறைஞ்சு குறைஞ்சு கடைசியில அரை அடியாம். நெருங்கிட்டே வருதுன்னு எல்லாரும் கொண்டாடுறாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? புது ஹெட்ஃபோன் அனுப்பியிருக்கேன். மறுபடி ஒருவாட்டி விளையாடிப் பாரு. அடுத்த பாகத்துக்கும் அதே மாதிரி வேணும்.”

நாலு அடியா? அவனுக்கே அது செய்தி. அதனால்தான் ஒரு வருடம் கழித்து இந்த மத்தியானத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து விளையாடிக்கொண்டு வந்தான். பழைய ஹெட்ஃபோனில் கேட்காதது இதில் கேட்டது. முதல் கட்டத்தில் நாலு அடி, ரொம்ப தூரத்தில், துணி சுற்றிய கால் போல. பிறகு மூன்று. இரண்டு. இப்போது ஒன்று.

கேமை அப்படியே விட்டுவிட்டு, மேஜையில் லேப்டாப்பைத் திறந்து முதல் வாரப் பதிவின் மூலத்தையே எடுத்தான். எடிட் செய்யாத, வெட்டாத, பச்சைப் பதிவு. அதில் மழை இல்லை, வெயில் நாட்கள், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்புகிறார்கள், அவனுடைய இருமல். பூட்ஸ் ஏறுகிறது. பூட்ஸ் நிற்கிறது. அப்புறம் கீழே, முதல் படிக்கும் கீழே, ஹாலின் தரையில், வெறுங்காலில் நாலு எட்டு. நின்றுவிட்டது.

அப்போது வீட்டில் அவன் தனியாக இருந்தான். கதவைப் பூட்டிவிட்டுத்தான் பதிவு செய்வான், யாராவது மணியடித்துக் கெடுத்துவிடக் கூடாது என்று.

இரண்டாம் வாரத்தைப் போட்டான். மூன்றாம் வாரத்தைப் போட்டான். ஒவ்வொரு வாரமும் அது ஓர் எட்டு நெருங்கி வந்திருந்தது. ஐந்தாம் வாரத்தில் அவனுடைய பூட்ஸ் நின்ற அடுத்த கணமே அது நின்றது, அவன் முதுகுக்குப் பின்னால், சட்டை உரசும் தூரத்தில். கடைசி நாள் கடைசிப் பதிவில் எந்த இடைவெளியும் இல்லை. ஒரே காலடி. நல்ல கனமான காலடி. ஆனால் பாதியில் ஒரு கிரீச் கேட்டது.

அந்தக் கிரீச்சை அவனுக்குத் தெரியும்.

பதின்மூன்று மரப்படிகளில் ஒன்பதாவது. அதற்கு ஒரு வினோதக் குணம் இருந்தது. ஒற்றை ஆளுக்கு அது வாய் திறக்காது. அதற்கு மேல் பாரம் ஏறினால் மட்டும் கத்தும். மகள் சிட்டு ஹாலில் தூங்கிப்போனால் தோளில் போட்டு மாடிக்குத் தூக்கிப் போகும்போது அது கத்தி அவளை எழுப்பிவிடும். அதனால் அவளைத் தூக்கிப் போகையில் மட்டும் அவனும் மனைவியும் எட்டிலிருந்து பத்துக்குத் தாண்டிப் பழகியிருந்தார்கள். பெயருக்கேற்ற மாதிரி சிட்டு ஒரு சிட்டுதான். ஏழு வயதில் இருபது கிலோகூட இல்லை. அவள் தனியாக ஒன்பதாம் படியில் குதித்து ஆடினாலும் அது சும்மா கிடக்கும்.

ஆனால் கொஞ்ச நாளாக அவன் தனியாக ஏறும்போதும் அது கத்திக்கொண்டிருந்தது. இன்று காலையிலும் கத்தியது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். “ஏங்க, உங்க தொப்பைக்குப் படியே அழுவுது பாருங்க.”

“போன மாசம் ஆபீஸ்ல எடை பார்த்தாங்க. போன வருஷம் இருந்த அதே எழுபத்திரண்டு.”

“அப்போ படி பொய் சொல்லுதாக்கும்.”

கொஞ்ச நாளாக என்றால் எத்தனை நாள்? யோசித்தான். ஒரு வருடம். கடைசிப் பதிவு எடுத்த நாளிலிருந்து.

மணி நாலேகால். நாலரைக்குப் பள்ளி வேன் வரும்.

எழுந்தான். நாற்காலி பின்னுக்குப் போன சத்தம் பெரிதாகக் கேட்டது. ஹாலைக் கடந்து மாடிப்படிக்கு நடந்தான். ஒரே காலடிதான் கேட்டது, அவனுடையது. இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக, பதிவுக்காக இல்லாமல், தன் காலடியைத் தானே காது கொடுத்துக் கேட்டான். அதில் அடிச்சத்தம், அந்த ‘பேஸ்’, கொஞ்சம் அதிகமாக இருந்தது. இரண்டு சத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் துல்லியமாக அடுக்கினால் வரும் கனம். தினமும் அவன் செய்கிற வேலை அது. அவனை ஏமாற்ற முடியாது.

படியேறினான். ஒன்று. இரண்டு. பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது, மூச்சு மாதிரி. வியர்வை என்று சொல்லிக்கொண்டான். ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பது.

கிரீச்.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. முகத்தை மேலேயே வைத்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். முதுகு எதன்மீதும் மோதவில்லை. இறங்க இறங்க அதுவும் இறங்கியது. கீழே வந்து சேர்ந்து, சுவரில் சாய்ந்து நின்றான். சாய்ந்த முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தது போலிருந்தது.

ஓடலாமா? ஓடினால் அதுவும் ஓடும். கத்தலாமா? யாரிடம்? எல்லாப் புத்தியும் போய், பத்து வயதில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனின் புத்தி மட்டும் மிஞ்சியது. அக்காவின் குரல் காதோரம் கேட்டது.

அசையாம இரு.

அசையாமல் நின்றான். கை, கால், கண் இமை. மூச்சை அடக்கினான். டிவியில் அந்தப் பெண்ணும் நீல வெளிச்சத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மழைச் சத்தம் மட்டும். முதுகில் இருந்தது காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

வெளியே வேன் நின்றது. கதவில் சிட்டுவின் சாவி திரும்பியது.

“அப்பா!” ஈரக் குடையைத் தரையில் போட்டுவிட்டு சிட்டு உள்ளே ஓடிவந்தாள். “நான் வரைஞ்சதுக்கு மிஸ் மூணு நட்சத்திரம் போட்டாங்க! இரு, மேல பசை இருக்கு, எடுத்துட்டு வந்து சுவத்துல ஒட்டிக் காட்டறேன்!”

போகாதே என்று சொல்ல வாய் எடுத்தான். மூச்சு அடைத்திருந்தது. சத்தம் வரவில்லை. அரை நொடி. அவ்வளவுதான் ஆனது. புத்தகப்பை அவன் இடுப்பில் உரச, அவள் தாண்டிப் போனாள்.

அவன் முதுகு லேசானது.

ஒரு வருடமாகச் சுமந்தது தெரியாமலே சுமந்த பாரம் இறங்கிய மாதிரி. சுவர் சில்லென்று முதுகில் ஒட்டியது. ஒரே ஒரு கணம், ஐயோ, அந்த ஒரு கணம் அவனுக்குச் சுகமாக இருந்தது.

டக், டக், டக். சின்ன ஷூக்கள். நாலு. ஐந்து. ஆறு.

“சிட்டு!”

ஏழு. எட்டு.

கிரீச்.

அவள் நின்றாள். திரும்பவில்லை. இரட்டைப் பின்னல், தோளில் பை, கையில் ஈரமான காகிதம். பையின் மேல்வார் மெல்ல மேலே இழுபட்டு, விறைத்து நின்றது.

“அப்பா,” என்றாள், கொஞ்சம் எரிச்சலாக. “பின்னாடியே வந்து காலை மிதிக்காதப்பா.”

அவன் கீழே நின்றிருந்தான். ஓடினான். இரண்டிரண்டு படியாகத் தாவினான், அவள் அதற்குள் மேலே போய்விட்டிருந்தாள். அவளுடைய அறைக் கதவு மூடிக்கொண்டது. ஒன்பதாம் படியில் அவனுடைய எழுபத்திரண்டு கிலோவும் முழுதாக விழுந்தது.

படி வாய் திறக்கவில்லை.