மூன்று நாள் கிட்டார்

நட்டம் வாங்குகிறவளுக்கு, லாபம் விற்கிறவளுக்கு. அப்படியொரு வியாபாரத்தைப் பற்றி முறையிட வந்த கடைக்காரியைக் கந்தப்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

1999 ஒக்டோபர் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை. பதுளை புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராஜா வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை. முப்பது வருடம் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். ஊர் முழுவதும் பேசியதைக் காதில் வாங்கியும் ஒன்றையும் வாயால் விடாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு சொந்த ஊரான யாழ்ப்பாணம் போக, யுத்தத்தால் பாதை இல்லை. இங்கேயே தங்கிவிட்டார். காணாமல்போன பொருளையும் கலங்கிப்போன மனதையும் தூக்கிக்கொண்டு சனங்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள்.

கந்தப்பன் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அவசரமான நாட்களில் எள் என்று சொல்லும் முன்பே எண்ணெயாகிவிடுவான். மனைவி அங்கம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். வெறும் லயத்து அறைக்குத் திரும்பிப் போகப் பிடிக்காமலேயே அவன் ஐயாவின் துப்பறியும் வேலைகளில் தொற்றிக்கொண்டான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வந்தவள் லரீபா. பஜார் வீதியில் பழைய சாமான் கடை வைத்திருந்தாள். தோட்டத்துப் பங்களாக்களில் ஏலம் போடும் கிட்டார்களை வாங்கி விற்பதில் அவள் கைதேர்ந்தவள். அதிலும் கிப்சன் கிட்டார் என்றால் கொழும்பிலிருந்தே ஆள் வரும்.

“மாஸ்டர், ஒரு டீச்சர். பேர் ஜெயந்தினி. மூணு தரம் வந்து மூணு கிப்சன் வாங்கினாங்க. ஒவ்வொண்ணயும் மூணாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாங்க. ஒவ்வொரு தரமும் ஆயிரம் ரூபா அவங்களாவே கொறச்சித்தான் காசத் திருப்பி வாங்கினாங்க. ஏன்னு கேட்டா, புடிக்கல்லன்னு செல்றாங்க. மொத ரெண்டும் பொறகு கொழும்புக்கு வித்துப் போச்சு. இப்ப கடையில ஈக்கிற கிப்சன் ஒண்ணே ஒண்ணு.”

“அதுக்கு ஏன் பயப்படுறீங்கள், தங்கச்சி?”

“அதை எடுக்க நாளைக் காலையில கொழும்புக்காரர் வாறார். அவருக்கிட்ட பேச்சுவாக்கில இதைச் செல்லிட்டேன். பழைய கிட்டாரை வாங்கி, அசல் பாகத்தைக் கழட்டி, போலியப் பூட்டித் திருப்பிக் கொடுக்கிற கூட்டம் ஈக்காம். போய்ப் பார்த்தா, கம்பி கட்டுற இடமெல்லாம் ஆரோ கை வச்சீக்கி. அந்த டீச்சர் மேல பொலிசுல எழுதுங்கன்னு செல்றார். எழுதினா ஒரு டீச்சர்ர வேலை போயிடுமே மாஸ்டர்.”

கந்தப்பன் எழுந்தே நின்றுவிட்டான். “ஐயா, வெளங்கிருச்சு! களவேதான்!”

“இரும் காணும்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல்ல கிட்டாரைப் பார்ப்பம்.”

கடையில் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. பாதி விலைக்கு வேறு நிறுவனத்துக் கிட்டார்கள் நாலைந்தும் கிடந்தன. தேன் நிறத்துக் கிப்சனை லரீபா இறக்கி மேசையில் கிடத்தினாள். ஐம்பதுகளில் செய்தது. ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கந்தப்பனைக் கிட்டக் கூப்பிட்டார்.

“முறுக்காணிகளைப் பாரும். ஆறும் ஒரே பழுப்பு, ஒரே தேய்வு. திருகாணித் தலையில ஒரு கீறலும் இல்லை. ஒண்டையும் ஆரும் கழற்றேல்லை. இனிக் கம்பியளின்ர நுனியைப் பாரும்.”

ஒவ்வொரு கம்பியும் சுற்றிக் கட்டிய இடத்தில் இரண்டு தரம் வளைந்திருந்தது. ஒருமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்டியது தெரிந்தது. கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டில், மெல்லிய கம்பிக்கான காடி ஓரம் நசுங்கியிருந்தது. அதற்குள் ஒரு தடித்த கம்பியை யாரோ அழுத்தி வைத்திருக்க வேண்டும்.

“அவா வரேக்க வேறென்ன கண்டனீங்கள், தங்கச்சி? சின்ன விசயமெண்டாலும் பரவாயில்லை.”

லரீபா யோசித்தாள். “முந்தின நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, கிட்டார் ஈக்கான்னு பார்த்திட்டுப் போவாங்க. அப்ப கழுத்துல தங்கத் தாலிக்கொடி ஈக்கும். வாங்க வாற நாள் வெறும் மஞ்சக் கயிறு. திருப்பித் தர வாற நாளும் கயிறுதான். அடுத்த மாசம் பார்த்தா மறுபடி தங்கம்.”

“ரெட்டைப் பொறவியா இருக்கும்யா!” என்றான் கந்தப்பன். “ஒருத்தி நோட்டம் பார்க்குறா, இன்னொருத்தி வாங்குறா.”

ஸ்ரீஸ்கந்தராஜா அவனை ஒரு பார்வை பார்த்தார். கந்தப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் வந்தது. வாங்கிய நாட்கள்: ஜூலை 3, ஜூலை 31, செப்டம்பர் 4. மூன்றும் சனிக்கிழமை. கையொப்பம் ஒவ்வொன்றும் வலப்பக்கம் சாய்ந்த அழகான எழுத்து.

“எந்தக் கையால எழுதுவா?”

“சோத்துக் கைதான் மாஸ்டர். சோக்குத் தூளும் அந்தக் கையிலதான் ஒட்டியீக்கும்.”

“மாதத்தின்ர முதல் சனிக்கிழமையெண்டா ஓகஸ்ட் ஏழாம் திகதியெல்லோ வந்திருக்க வேணும்? அவா ஜூலை முப்பத்தொண்டிலேயே வந்திட்டா. அடுத்த நாள் ஓகஸ்ட் முதலாம் திகதி, ஞாயிறு. அப்ப சனிக்கிழமையில ஒண்டுமில்லை. முதல் ஞாயிறிலதான் விசயம் கிடக்கு. நாளையிண்டைக்கு, மூண்டாம் திகதியும் முதல் ஞாயிறு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் நிழல் விழுந்தது. முப்பத்தெட்டு வயதிருக்கும் ஒரு பெண், பருத்திச் சேலை, தோளில் பாடசாலைப் பை, கழுத்தில் தங்கக் கொடி. கண் நேராகக் கிட்டார் தொங்கும் இடத்துக்குப் போனது. ஆணி வெறுமையாக இருந்ததைக் கண்டு அவள் முகம் வெளிறிப்போனது. மேசையில் அது கிடப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

“இதை நாளைக்கு எடுத்துக்கிறேங்க,” என்றாள்.

“நாளைக்கு இதை வேற ஆளுக்குக் கொடுக்கிறேன் டீச்சர்,” என்றாள் லரீபா.

“ஐயோ, இந்த ஒரு தடவ மட்டும்... திங்கக்கிழம தந்திர்றேனே!” என்றவள், வாய்தவறிவிட்டதை உணர்ந்து நின்றாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா கதிரையை இழுத்துப் போட்டார். “இருங்கோ பிள்ளை. உங்களில களவுப் பழி விழப் பார்க்குது. அதை நான் தடுக்க வேணுமெண்டா எனக்கு விளங்கினதைச் சொல்ல வேணும். பிழையெண்டாத் திருத்துங்கோ.”

அவள் உட்கார்ந்தாள். லரீபா கடைக் கதவைப் பாதி சாத்தினாள்.

“நீங்கள் கம்பியளை அவிழ்த்து, மேல் கீழா மாத்திக் கட்டி, வாசிச்சுப்போட்டு, பழையபடி கட்டித் திருப்பிக் குடுக்கிறீங்கள். அப்படிக் கட்டுறது இடக்கைக்காரர். ஆனா நீங்கள் எழுதுறது வலக்கையால. அப்ப நீங்கள் வாசிக்கப் பழகினது உங்கட சொந்தக் கிட்டாரில இல்லை. இடக்கைக்காரர் ஒருத்தரின்ர கிட்டாரில, அவர் பிடிக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறீங்கள்.”

ஜெயந்தினியின் வலது கை விரல் நுனிகள் கம்பியை அழுத்தி அழுத்தித் தடித்துக் காய்த்திருந்ததைக் கந்தப்பன் அப்போதுதான் கவனித்தான். அவள் அவற்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

“சனிக்கிழமை தாலிக்கொடியை அடகு வைச்சு வாங்குறீங்கள். திங்கக்கிழமை இந்தக் காசில மீட்கிறீங்கள். களவெடுக்கிற ஆள் ஆயிரம் ரூபா நட்டப்பட்டுக் களவெடுக்க மாட்டுது. அப்ப இது ஆருக்காகவோ. ஞாயிறு சேர்ச்சில வாசிக்கிறதெண்டா பாதி விலைக்கு வேற கிட்டார் தொங்குதே. கிப்சன்தான் வேணுமெண்டா, கேட்கிற ஆளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். ஆனா மூண்டு மாசமும் மூண்டு கிட்டார். பார்த்தா அந்த ஆள் உடனே கண்டுபிடிச்சிடும். அப்ப அந்த ஆள் கேட்கலாம், பார்க்கேலாது. முதல் ஞாயிறு வெளிநாட்டு அழைப்பு எவ்வளவு குவியுமெண்டு முப்பது வருசம் லைன் குடுத்த எனக்குத் தெரியும்.” அவர் குரல் தணிந்தது. “உங்கட மனுசன் எந்த நாட்டில, பிள்ளை?”

“சுவிஸ்ல,” என்றாள் அவள். சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. “ஏழு வருசமாச்சுங்க. இன்னும் விசா கெடைக்கல.”

கந்தப்பனுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவனும்தான் ஞாயிறுதோறும் தொலைபேசிக் கொமினிகேஷன் கடை வாங்குப் பலகையில் அங்கம்மாவின் அழைப்புக்காகத் தவம் கிடக்கிறான். ஊரில் யாருக்குப் புரியாவிட்டாலும் அவனுக்கு இது முதலில் புரிந்திருக்க வேண்டும். இரட்டைப் பிறவி என்று உளறியதை நினைத்து வெட்கப்பட்டான்.

அவள் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கணவன் விஜேந்திரன். தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கிப்சனைத் தன் முதல் சம்பளத்தில் வாங்கியவன். சுவிஸ் போகிறபோது, “நான் வாற வரைக்கும் இதப் பேச வச்சிக்கிட்டு இரு” என்று அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். மாதத்தில் முதல் ஞாயிறு அவன் அழைப்பு எடுப்பான், அவள் வாசிப்பாள். ஏப்ரல் மழையில் பாடசாலைக் குவாட்டர்ஸின் பின்சுவர் சரிந்து கிட்டார் நொறுங்கியது. மே மாதம் காய்ச்சல், ஜூன் மாதம் கையில் காயம் என்று பொய் சொன்னாள். அதற்குமேல் பொய் வரவில்லை.

“கிட்டார் பத்திரமான்னுதாங்க மொதல்ல கேப்பாரு. அது ஒடைஞ்சிருச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? அவரு திரும்பி வாறதுக்கு இங்க இருந்ததே அது ஒண்ணுதானே.”

“நீங்க இல்லையா டீச்சர்?” என்று கேட்டாள் லரீபா.

லரீபா கிட்டாரை எடுத்து உறையில் போட்டு அவள் மடியில் வைத்தாள். “அடகும் வேணாம், ஒண்ணும் வேணாம். திங்கக்கிழமை கொண்டாங்க. கொழும்புக்காரரை நான் திங்கள் வரச் செல்றேன்.”

ஞாயிறு காலை கந்தப்பன் குவாட்டர்ஸுக்கே போய் ஜெயந்தினியை ஆட்டோவில் ஏற்றிவந்தான். வாடகை கேட்கிற எண்ணமே அவனுக்கு வரவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா முன்னதாகவே வந்து கொமினிகேஷன் கடையில் பேப்பர் விரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கையும் கிட்டாருக்கு வேண்டுமென்பதால் எப்போதும்போல் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்கள். கந்தப்பன் கிட்டாரை உள்ளே வைக்கப் போன நேரம் மணி அடித்தது. வெளியே வர வழியில்லாமல் மூலையில் ஒட்டி நின்றான்.

“ஜெயா? கிட்டார் பத்திரமா?”

அவள் கம்பியில் விரலை வைத்தாள், எடுத்தாள். பிறகு கிட்டாரைக் கந்தப்பன் கையில் கொடுத்துவிட்டாள்.

“இல்லீங்க. நம்ம கிட்டார் இல்ல. ஏப்ரல்லயே ஒடைஞ்சு போச்சு.”

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று கந்தப்பனே பயந்துபோனான்.

“தெரியும்,” என்றது குரல். “ஜூலையில மொதக் கம்பியத் தொட்டப்பவே தெரியும். அடுத்த மாசம் வேற கிட்டாரு. செப்டம்பர்ல இன்னொண்ணு. எங்க போயி யாருகிட்டக் கெஞ்சுறியோன்னு தூக்கமே இல்ல.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எங்கிட்டப் பேச ஒனக்கு ஒண்ணும் மிச்சமில்ல, அதான் வாசிச்சு நேரத்தப் போக்குறேன்னு நெனச்சேன். சொன்னா அதையும் நிப்பாட்டிருவியேன்னு...” குரல் உடைந்தது. “பத்து நிமிசத்துல எட்டு நிமிசம் கிட்டார்தான் கேட்டேன் ஜெயா. ஏழு வருசமா. நான் எடுக்குறது ஒன் கொரலக் கேக்குறதுக்கு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நீங்க கிட்டாருக்குத்தான் ஏங்குறீங்கன்னு...”

“பேசு.”

“என்னத்தப் பேச?”

“என்னமாச்சும் பேசு. எல்லாத்தையும் பேசு.”

கந்தப்பன் கிட்டாரை அணைத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்து கதவைச் சாத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதலில் திக்கினாள், பிறகு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், சுவர் சரிந்ததைச் சொல்லும்போது ஏனோ சிரித்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். வெகுநேரமாகப் பக்கம் புரளவில்லை.

விஜேந்திரனின் தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்து லைன் அறுந்தபோது, அவள் ஏப்ரல் மாதத்தைக்கூடச் சொல்லி முடித்திருக்கவில்லை.