இருபத்திரண்டு காட்டிய நாள்காட்டி

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தரின் வீட்டில் உட்கார்ந்ததும் வக்கீலம்மா தண்ணீர் கேட்டார். காணாமல் போனவர்களுக்காக வாதாடுகிறவர் அவர்.

"எங்க சங்கத்துச் செயலாளர் என் சொந்த அண்ணன். சீருடைக்காரங்க இழுத்துட்டுப் போய் பன்னிரண்டு நாளாச்சு. அவர் வர்ற வரைக்கும் நாள்காட்டியைக் கிழிக்கறதில்லைன்னு மூணாம் தேதியிலயே விட்டிருந்தோம். இன்னைக்குக் காலையில சங்க ஆபீசைத் திறந்தா இருபத்திரண்டு காட்டுது! இன்னைக்குப் பதினஞ்சுதானே? நாளைக்கு விசாரணைக் கமிஷன் முன்னால சாட்சிங்க பேசணும். அண்ணன் செத்துட்டார், ஆவியா வந்து எங்களுக்கு நாள் குறிச்சுட்டார்னு காவலாளி அழுவுறார்."

எழுத்தர் செருப்பை மாட்டினார். எங்கே துப்புத் துலக்கப் போனாலும் முதல் ஆளாக நிற்கும் அவர் மருமகளுக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது.

சங்க அலுவலகத்தில் போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். சாட்சிகளின் விவரம் வெளியே போகாமலிருக்க வெள்ளைத் தாள் ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது. சுவரில் உடைந்த கடிகாரம். தட்டச்சு செய்துகொண்டிருந்த செயலாளரின் மனைவி நிமிரவே இல்லை.

"அண்ணனைப் பிடிச்ச அன்னைக்கே இந்தக் கடிகாரத்தையும் உடைச்சாங்க. கூட்டங்கள்ல பதிவு பண்ணின நாடாக்களையும் அள்ளிட்டாங்க" என்றார் வக்கீலம்மா. "ஒவ்வொரு மணிக்கும் அடிச்சு முடிச்சு, கிழவன் மாதிரி இருமும் அந்தக் கடிகாரம்."

"சாட்சிங்க எத்தனை பேர்?" என்று கேட்டார் எழுத்தர்.

"பத்தொன்பது."

மருமகள் விரல்விட்டு எண்ணினாள். மூன்றிலிருந்து இருபத்தொன்று வரை பத்தொன்பது தாள்.

"பேயுமில்லை, பிசாசுமில்லை" என்றார் எழுத்தர். " இங்க எண் குத்தாத தாள் நாள்காட்டி மட்டும்தான். சாட்சி ஒருத்தருக்கு ஒரு தாள்னு யாரோ முகவரியை எழுதி எடுத்திருக்காங்க."

"யாரு மாமா?"

"எல்லாரும் தொடவே பயப்படற தாளும்மா. அவர் கண்டிப்பா வரப்போறார்னு நம்புறவங்கதான் கிழிப்பாங்க."

தட்டச்சு நின்றது. செயலாளரின் மனைவி சாப்பாட்டு டப்பாவிலிருந்து நாள்காட்டித் தாள்களின் கட்டு ஒன்றை எடுத்தாள்.

"இன்னும் கொடுக்கலை. இன்னைக்குச் சாயங்காலம் கொடுத்தா அவரை விட்டுடறோம்னு சீருடைக்காரங்க சொன்னாங்க. போன்ல அவரே பேசினார் ஐயா! 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னார். நான் கேட்ட எதுக்கும் பதில்தான் சொல்லலை."

"அவர் குரலுக்குப் பின்னால வேற சத்தம் ஏதாவது?"

"மணி அடிச்சுது. அடிச்சு முடிச்சு, இரும..."

அவள் மெல்லச் சுவரைப் பார்த்தாள்.

"அது இந்த அறையில எப்பவோ பேசி, நாடாவில பதிவானதும்மா" என்றார் எழுத்தர். அதைச் சொல்ல நேர்ந்ததற்காக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வக்கீலம்மா, "அண்ணி..." என்று அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தத் தாள்கட்டை நாத்தனார் கையில் வைத்தாள். பிறகு எண் குத்திய தாள் ஒன்றை எடுத்து இயந்திரத்தில் செருகினாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். "இருபதாவது சாட்சின்னு எழுதிக்கோ."