மாலை போட்ட கார்

வினோதாவின் மேசைக்கு நான்கு கால்கள். மூன்றுதான் தரையில் நிற்கும். நான்காவது கால் குட்டை. அதற்கு அடியில் மடித்து வைத்த பிஸ்கட் பெட்டி அட்டை. மேசை ஆடும், அதனால் எழுத்தும் ஆடும்.

"ஞாயித்துக்கிழமை பாப்போம்," என்பார் அப்பா வீரய்யா.

அவர் கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நின்று போன எந்த இயந்திரமும் அவர் கைபட்டால் ஓடும். மேசைக்குத்தான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் நிரோஷனுக்கு வந்துவிட்டது.

அவனுடைய மாமா கொழும்பிலிருந்து ஒரு ரிமோட் கார் கொண்டு வந்திருந்தார். நிரோஷனின் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்துக் கார். மோட்டார் நல்லது, உடம்பு நல்லது, சக்கரங்கள்தான் வெடித்திருந்தன. அதனால் மாமா புதுச் சக்கரங்களும் வாங்கி வந்தார். தடித்த ரப்பர், வெள்ளி மினுக்கம். ஆனால் அவை காரில் ஏறவில்லை. சக்கரத்தின் நடுவில் ஆறு மூலைத் துளை. பழைய அச்சோ மெல்லிய கம்பி.

"அதுக்கென்ன, நடுவுல ஒரு சாமான் கடைஞ்சு போட்டா சரி," என்றார் வீரய்யா.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகும் அவர் பட்டறையிலேயே நின்றார். பித்தளையை லேத்தில் கடைந்து, ஆறு பக்கமும் அராவி, சக்கரத்துக்கு ஒன்றாகக் குட்டிச் சாமான்கள் செய்தார். சோறு சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"மாட்டிப் பாத்தேன் வினோதா. ஒரு மயிரிழைகூட ஆடல!"

"என் மேசை ஆடுதுப்பா."

"ஆமா, ஆமா. ஞாயித்துக்கிழமை."

வினோதாவுக்கு வயிறு எரிந்தது. பருப்பில் மிளகாய் கூடிப் போச்சு என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று பருப்பில் மிளகாயே இல்லை.

நிரோஷனாவது சும்மா இருந்தானா?

"பித்தளை வெச்ச காரு. தூரமா நின்னு பாருங்க. தொட்டா ரேகை படும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேசைக்கு அல்ல, காருக்கு. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினார்கள். நாலு பேர் கூடும் இடத்துக்கு ரிப்பன் வெட்ட வந்துவிடும் தோட்டச் சங்கத் தலைவர் கணேசமூர்த்தியும் வந்தார். ரிப்பனும் கத்தரிக்கோலும் எப்போதும் அவர் பையிலேயே இருக்கும்.

"புது வண்டிக்குப் பூசை போடாம ஓட்டலாமா?" என்றார்.

லொறிக்குச் செய்வது காருக்கும் நடந்தது. முன்னால் சந்தனப் பொட்டு. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். கார் முக்கியது, முனகியது. பழத்தின் மேல் ஏற முடியவில்லை. கடைசியில் தலைவரே சப்பாத்துக் காலால் பழங்களை மிதித்துக் கொடுத்தார்.

பிறகு ரோஜா மாலை. மாலைக்குள் கார் காணாமல் போனது. முடிச்சிலிருந்து நீளமாக ஒரு நூல் தொங்கி, பின் சக்கரத்தைத் தொட்டது.

வினோதா அதைப் பார்த்தாள். சக்கரம் சுற்றினால் நூலும் சுற்றிக்கொள்ளும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ஏய் வினோதா, தள்ளி நில்லு! காரு வர்ற வழி!" என்றான் நிரோஷன்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

தலைவர் பேசினார். "மலையகத்தின் வளர்ச்சிப் பாதையில் இந்தக் கார்..." மூடுபனி வந்தது, போனது, மறுபடியும் வந்தது. பேச்சு முடியவில்லை. ஒருவழியாக ரிப்பன் இரண்டானது.

கார் பாய்ந்தது. ரிப்பனைத் தாண்டவில்லை. 'க்ர்ர்ர்' என்று நின்றுவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். வினோதாவுக்கு வாயில் சர்க்கரை போட்டது போல இனித்தது.

"வீரய்யா செஞ்ச சாமான்தான் சிக்கிருச்சு," என்றார் தலைவர். "நான் அப்பவே நெனச்சேன். கொழும்புலயே குடுத்து செஞ்சிருக்கணும்."

வீரய்யா எண்ணெய்க் கறை போகாத தன் விரல்களைப் பார்த்தார். பிறகு அவற்றை மெல்லச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். நிரோஷன் கண்ணில் நீரோடு ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

சர்க்கரை கசந்துவிட்டது.

"அமுக்காத டேய்! மோட்டரு கருகிரும்!"

வினோதா ஓடிப்போய்க் காரைக் கவிழ்த்தாள். ரோஜா இதழ்கள் கொட்டின. தலையில் குத்தியிருந்த கிளிப்பை உருவி, அச்சில் இறுகிக் கிடந்த நூலை நெம்பி இழுத்தாள். வந்தது, வந்தது, தலைவரின் பேச்சைப் போல வந்துகொண்டே இருந்தது.

"மாலை நூலு! அப்பா செஞ்சதுக்கு ஒண்ணும் ஆகல. பாருங்க!"

விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சக்கரம் ஆடாமல் அசங்காமல் சுழன்றது.

எல்லோரும் மாலையைப் பார்த்தார்கள். பிறகு தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மூடுபனியைப் பார்த்தார்.

"எனக்கும் அந்த நூல் மேலதான் சந்தேகம்," என்றார்.

மாலை இல்லாத கார் களத்தைச் சுற்றிப் பறந்தது. நிரோஷன் வினோதாவிடம் வந்தான்.

"நூலுன்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"முன்னாடியே பாத்தேன். நீ தள்ளி நிக்கச் சொன்ன. அதான் சொல்லல."

நிரோஷன் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு ரிமோட்டை நீட்டினான்.

"இந்தா, ஓட்டு. ரேகை பட்டாப் படட்டும்."

பேட்டரி தீரும் வரை அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு தடவை கார் தலைவரின் சப்பாத்தில் மோதியது. தற்செயலாகத்தான்.

அவள் நிரோஷனிடம் சொன்னது வீரய்யாவின் காதிலும் விழுந்திருந்தது. திரும்பி வரும் வழியில் கேட்டார்.

"நூலப் பாத்ததும் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"காருக்கு ஆறு பக்கமும் அராவுனீங்க. என் மேசைக்கு ஒரு அட்டதானே வெச்சீங்க?"

வீரய்யா நடையை நிறுத்தினார். பிறகு வேகமாக நடந்தார். வீட்டுக்குப் போனதும் தேநீர்கூடக் குடிக்காமல் ரம்பத்தை எடுத்தார்.

இப்போது மேசை ஒரு மயிரிழைகூட ஆடுவதில்லை. வினோதாவின் எழுத்து மட்டும் கோணலாகவே இருக்கிறது. இனி எதன் மேல் பழி போடுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.