மூடிக்கொள்ளும் இரும்பு

நேற்று வெட்டி எடுத்த இடத்தில் இன்று இரும்பு இருந்தது.

அளவுக்கட்டை கோடு வரை உள்ளே போக வேண்டும். நகக்கண் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. ஆர்டிஸ் அதை உருவித் துடைத்து, துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டுத் துடைத்து, மறுபடி செலுத்தினாள். அதே இடம். முந்தின நாளும் இப்படித்தான்.

பழைய பம்ப் துப்பாக்கிகளுக்கு இந்த வேலை சகஜம். அந்தக் காலத்துத் தோட்டா குட்டை. அது உட்காரும் அறையும் குட்டை. புதுத் தோட்டா அதில் தாராளமாக நுழையும், முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அழகாக ஏறும். அதுதான் ஆளை ஏமாற்றும். தோட்டாவின் வாய் மடித்து மூடியிருக்கிறது. சுடும்போது மடிப்பு விரிந்து நீளும். விரிய இடமில்லாவிட்டால் குழலின் கழுத்தில் போய் நெருக்கிக்கொள்ளும், குண்டுகளுக்கு வழி குறையும், அழுத்தம் பின்னால் ஏறும். பின்னால் இருப்பது சுடுபவனின் முகம். அதனால் எண்ணெய் விட்டு, ரீமர் என்ற வெட்டுக்கருவியைக் கையால் மெல்லத் திருகி, அறையை நீட்ட வேண்டும். நீட்டி முடித்ததும் புது நீளத்தைக் குழலின் மேல் பொறிப்பது வழக்கம்; அதை நம்பித்தான் ஆள் புதுத் தோட்டா போடுவான்.

துப்பாக்கி வெண்டலுடையது. போன அக்டோபரில் ஃபெசன்ட் பறவை வேட்டையில், சோளக்காட்டின் கோடியில் பறவைகளை மறித்து நின்ற அவளுடைய தம்பி எமிலைச் சுட்டுக் கொன்றது இதுதான். எமில் இடம் மாறி நின்றான் என்று வெண்டல் சொன்னான். ஷெரீப் விபத்து என்று முடித்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவள் ஆர்டிஸ் ஒருத்திதான். கூச்சமே இல்லாமல் அவளிடமே கொண்டுவந்து வைத்தான்.

அறையைத் தொடாமலே, வெட்டியாயிற்று என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவே பயந்துபோய், வழக்கத்தைவிடக் கவனமாக வெட்டினாள்.

இன்றும் வெட்டினாள். கட்டை கோடு வரை போனது. இரும்புச் சுருள்களைத் தகரத் தட்டில் சேர்த்து, குழலை மேஜையின் மறுகோடியில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மதியமே சாம்பல் பூத்து, பனி விழப்போகும் வானம் கூரை வரை இறங்கியிருக்க, பட்டறைக்குள் எண்ணெய் வாசனைக்கு அடியிலிருந்து நனைந்த இறகும் மக்கிய சோளத்தட்டையும் கலந்த ஒரு வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

பிறகு சத்தம். காய்ந்த சோள இலைகளுக்குள் யாரோ நகர்வதைப் போல.

தட்டில் சுருள்கள் அசைந்தன. ஒன்று விளிம்பில் ஏறியது. மேஜையில் விழுந்தது. அதன் பின்னால் மற்றவை. வரிசையாக. குழலை நோக்கி.

"எமில்," என்றாள்.

சத்தம் நின்றது.

பிறகு வேகமாக வந்தது.

வாசலில் வெண்டலின் லாரி நின்றபோது தட்டு காலியாக இருந்தது. அவன் பூட்ஸ் சேற்றோடு உள்ளே வந்து, காபி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள்.

"இன்னுமா குடைஞ்சிட்டிருக்க? நாளைக்கு சீசன் ஆரம்பம். உனக்காக பறவைங்க லீவு போட்டுட்டு ஒக்காந்திருக்குமா?"

"இது வேணாம் வெண்டல். வேற துப்பாக்கி எடுத்துட்டுப் போ."

தாத்தாவின் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றான்.

"அன்னைக்கு எமில் எங்க நின்னான்?" என்று கேட்டாள். ஒரு வருடமாகக் கேட்காத கேள்வி.

வெண்டல் கதவு வரை போய்த் திரும்பினான். "நிக்கச் சொன்ன எடத்துலதான். பறவை தாழப் பறந்துச்சு, விட மனசு வரல. ஷெரீப்கிட்ட அதையா சொல்ல முடியும்? போனவன் போயிட்டான். சீக்கிரம் முடி, நான் லாரில இருக்கேன்."

கதவு மூடியது.

ஆர்டிஸ் குழலைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். கோடியில் வெளிச்சம் ஒரு வட்டமாக நின்றது. வட்டம் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது, உற்றுப் பார்க்கும் கண்மணி போல.

குழல் வெதுவெதுப்பாக இருந்தது.

அறைக்குள் சுண்டுவிரலை விட்டாள். இரும்பு ஈரமாக இருந்தது. மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. விரல் நுனியை அழுத்தியது. குழந்தை வாயால் பிடிப்பதைப் போல, மென்மையாக.

பயம் போய்விட்டது. அதுதான் அவளை முதலில் திடுக்கிட வைத்தது.

விரலை எடுத்தாள். ரீமரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். இரும்பில் எண் பொறிக்கும் அச்சுகளை எடுத்தாள். சுத்தியலை எடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் குழலுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது.

வேலை எளிது. அறையை வெட்டவே வேண்டாம். புதுத் தோட்டாவின் நீளத்தைக் குழலின் மேல் பொறித்து, வெண்டலிடம் கொடுத்தால் போதும்.