டெல்மார் நெடுஞ்சாலை முயல்

இரவெல்லாம் பெய்த பனி கடைக்கூரையிலும், வேலிக் கம்பிகளிலும் படிந்து, அறுவடை முடிந்த கோதுமை வயல்களில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. முயலின் மேல் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

டார்லீன் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் கண்ணாடி வழியாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதடி உயரச் சிமெண்ட் முயல். குந்தி உட்கார்ந்து நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அப்பா கட்டியது. சஸ்காட்செவன் சமவெளியில் கார் ஓட்டி அலுத்துப்போகிறவர்கள் டெல்மாரில் இறங்கி, அதன் பாதத்தில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, அவள் கடையில் ஐஸ்கிரீமும் முயல் சாவிக்கொத்தும் வாங்கிப் போவார்கள். இப்போது உடம்பெல்லாம் விரிசல். திங்கட்கிழமை காலை இடிக்கிற இயந்திரம் வருகிறது. அவளும் தம்பி யூஜினும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அவள் இறங்கிப் போய், கையுறையைக் கழற்றி, முயலின் பாதத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நனைந்த ரோமமும் மக்கிய வைக்கோலும் கலந்த ஒரு வாடை அடித்தது.

சற்று நேரத்தில் யூஜின், கோட்டுகூடப் போடாமல் வெறும் நீலச் சட்டையோடு, தன் டிரக்கில் வந்து சேர்ந்தான். முயலின் கண்களுக்குள் இருந்த பழைய விளக்குகளைக் கழற்றிக்கொள்ளத்தான் அவன் வந்தது.

"இதைத் தொட்டுப் பாருடா. சூடா இருக்கு."

தொட்டுப் பார்த்தான். "உள்ள எவனாவது அடுப்பு மூட்டிப் படுத்திருப்பான். இந்தக் குளிர்ல அவனும் எங்க போவான்?"

"புகையே வரலையே."

"அப்ப முயலுக்குக் காய்ச்சல். ஒரு மாத்திரை குடு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "விளக்கு போனாப் போகுது. வா, போயிடலாம்."

"அப்பா கையால மாட்டின விளக்கு டார்லீன். ரெண்டு நிமிஷ வேலை. நீ போய்க் காபி போடு."

வாலுக்குக் கீழே ஒரு தகரக் கதவு உண்டு. யூஜின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தான்.

அவள் காபி போடப் போகவில்லை. அங்கேயே நின்று, அவனுடைய பூட்ஸ் இரும்பு ஏணியின் ஒவ்வொரு படியிலும் கணீர் கணீரென்று மோதி, முயலின் வயிற்றைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறுவதையும், வழக்கம்போல அவன் தனக்குள் முனகிக்கொண்டே போவதையும், சாலையில் ஒரு வண்டிகூட இல்லாததால் தன் மூச்சையும்கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கணீர் மங்கியது. மெத்தைமேல் நடப்பது போன்ற சத்தம். முனகல் நின்றுவிட்டது.

"டார்லீன்."

"என்னடா?"

"சுவரெல்லாம் மயிரா இருக்கு."

"இறங்கி வா."

"இறங்கத்தான் பாக்கறேன்." அடுத்து வந்த குரலில் கேலி இல்லை. "கால் எட்டல. கீழ ஏணி இல்ல."

"இருக்குடா. நல்லா காலை நீட்டிப் பாரு."



அவள் தகரக் கதவை இழுத்தாள். வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. கைப்பேசியின் வெளிச்சத்தை உயர்த்தினாள். சுவர் வெறும் சிமெண்ட். ஏணி தரையிலிருந்து தலைவரைக்கும் முழுதாக நின்றது. ஒரு படிகூடக் குறையவில்லை.

ஏணியில் யாரும் இல்லை.

அடியில் அவனுடைய பூட்ஸ் இரண்டும் கிடந்தன. கட்டிய நாடா கட்டியபடி. பக்கத்தில் டார்ச், எரிந்துகொண்டு.

"யூஜின்?"

வெளியே, முதுகுக்குப் பின்னால், மெல்லிய ஒரு சத்தம்.

அவள் திரும்பினாள்.

வயலில் பனி மேடு மேடாக இருந்தது. சற்றுமுன் அப்படி இல்லை. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். காது நுனிகள். குளிர்காலத்துக்கு வெளுத்துப்போன முயல்கள். மூன்றுக்குமேல் சேர்ந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே நூற்றுக்கணக்கில். அடிவானம்வரை. அசையாமல்.

நடுவில் ஒன்று பெரியது.

அது நீலச் சட்டை போட்டிருந்தது.

வெறுங்கால். குந்தியிருந்தான். கைகள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. தாடை வேகவேகமாக எதையோ மென்றுகொண்டிருந்தது.

"யூஜின்."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் யார் என்பதே இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அவளைக் கண்ட பயம்.

வெறுங்காலால் பனியை ஒருமுறை அடித்தான். தொப்.

வயல் மொத்தமும் எழுந்து ஓடியது. அவனும் ஓடினான். கைகளை ஊன்றி, கால்களை முன்னால் வீசி, தாவித் தாவி.

மற்றவற்றைவிட வேகமாக.