புள்ளி மழை

பட்டியலில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

சமையலறைச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒற்றைக் கோடு நோட்டில், காலையில் அவள் எழுதியது நான்கே சொற்கள். சோப்பு, தீப்பெட்டி, உப்பு, பல்பு. கடைக்குக் கிளம்பும்போது தாளைக் கிழிக்கப் போனாள். பல்புக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

பெனசில.

அவசரத்தில் தானே கிறுக்கியிருக்கலாம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. இந்த வீட்டில் புள்ளி வைக்காமல் எழுதுகிற ஆள் ஒரே ஒருத்திதான். அவள் போய் ஐந்து மாதமாகிறது.

மகள் குட்டிக்கு எட்டு வயது. பக்கம் முழுவதையும் முதலில் புள்ளியே இல்லாமல் எழுதித் தள்ளுவாள். எழுத்து கோணும்போது அம்மாக்காரி பின்னால் நின்று, அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்து எழுத வைப்பாள். எல்லாம் முடிந்ததும் குட்டி பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்துவாள்.

"கம்பெனிக்காரி, குடைய எடு! மழை வரப் போகுது!"

டக், டக், டக். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை புள்ளிகள் விழும். ஒன்றுகூடத் தப்பாது.

"ஏண்டி, எழுதும்போதே வெச்சுட்டா என்ன?"

"மழை என்ன, ஒரு சொட்டு பெஞ்சுட்டு லீவு போட்டுட்டுப் போகுமா? நீயே சொல்லு."

இப்போது அந்த வாய்க்கு யார் பதில் சொல்வது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைக் கிழித்துப் பையில் வைத்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தாள்.

"ஏம்மா, குழாய ஒழுங்கா மூட மாட்டியா? ராத்திரி பூரா டக்கு டக்குன்னு ஒரே சத்தம். தையல் மெஷின் சத்தத்துலயே குறட்டை விடுறவ நான். என்னையே தூங்க விடலன்னா பாத்துக்கோ."

"எங்க வீட்டுக் குழாய்ல ரெண்டு நாளா தண்ணியே வரலக்கா."

தையல்காரம்மா அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைக்காரர் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "என்னம்மா, பென்சிலுக்குப் புள்ளியே வெக்கல? மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல சேந்துட்டியா?" என்று சிரித்தார். பென்சிலையும் பட்டியலையும் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லாமல் அவள் காசைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தாள். பட்டியல் பறந்து தரையில் விழுந்தது.

பென்சில்.

இரண்டு புள்ளிகளும் இருந்தன. இரண்டும் ஈரமாக இருந்தன.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. அவள் கணவன். லாரி ஓட்டுகிறவன். குட்டி போன பிறகு வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கியதில்லை.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவேன். வண்டியோட வரேன். இன்னைக்கே வீட்டக் காலி பண்ணிடலாம். பீரோவுல இருக்கறத நானே எடுத்துக் கட்டிக்கறேன், நீ தூக்காத."

"ம்."

"அப்புறம்... அவ போட்டோவ எங்கயாவது அடியில வெச்சுடு. பாத்தா அழுக வரல, கோவந்தான் வருது. அத்தன தெளிவா எழுதி வெச்சுட்டுப் போயிருக்க. படிச்சுட்டும் கிளம்பிப் போனாளே! சொன்ன பேச்சு கேக்காத கழுத..." அவன் குரல் உடைந்தது. "வெக்கறேன்."

படிச்சுட்டும்.

அந்தச் சொல்தான் ஐந்து மாதமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்ப்பது நோட்டுக் கம்பெனியில். கோடு கோணியது, தாள் குறைந்தது என்று கழித்துப் போடும் நோட்டுகளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அட்டை, பெயர்ச் சீட்டு கிடையாது. அப்படி வந்த மூன்று நோட்டுகள் வீட்டில் புழங்கின. ஒற்றைக் கோடு, சாமான் பட்டியலுக்கு. இரட்டைக் கோடு, அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள: வேலைக்குப் போகுமுன் இவள் எழுதி மேசைமேல் வைப்பாள், பள்ளி விட்டு வந்து குட்டி பதில் எழுதுவாள். கோடே இல்லாதது, இவளுடைய சொந்தக் கதைக்கு. அது பீரோ இழுப்பறையில், பூட்டுக்குள்.

மழை பெய்தால் ஆறு மணிக்குக் குட்டி குடையோடு கம்பெனி வாசலுக்கு வந்துவிடுவாள். வழியில் ஒரு வாய்க்கால் பாலம். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை. முந்தின ராத்திரி எழுதிய சொந்த நோட்டும் மேசைமேலேயே கிடந்தது. வேலை முடிய எட்டாகும் என்று தெரிந்ததால், இருட்டில் தட்டுத் தடுமாறி அவள் எழுதினாள்: "குட்டி, மழை வந்தால் என்னைத் தேடி வராதே. வீட்டிலேயே இரு. கதவைச் சாத்திக்கொள்." மூடினாள். கை தன் பழக்கத்தில் ஒரு நோட்டை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டியது. மேசைமேல் ஒரு பழுப்பு நோட்டு இருந்தது. கிளம்பிவிட்டாள்.

வாய்க்காலிலிருந்து குட்டியைத் தூக்கியபோது குடைப்பிடி கைக்குள்ளேயே இருந்தது.

கணவன் கேட்டான், கம்பெனியில் கேட்டார்கள், தெருவே கேட்டது. "எழுதி வெச்சுட்டுத்தான் போனேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள். ஒரு வாரம் கழித்துத் தன் நோட்டைத் திறந்தாள். கோடில்லாத பக்கத்தில், கோணல்மாணலாக, அந்த மூன்று வரிகள்.

வேறு நோட்டில் எழுதியிருந்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளாக ஆகப் பொய் வேர் விட்டுவிட்டது. மகள் சொல்பேச்சுக் கேளாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் கண்ணில் படுமுன் அந்த நோட்டை எரித்தாக வேண்டும்.

மணி ஐந்தரை. வெளியே மஞ்சள் வெயில், மழைக்கான அறிகுறியே இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் நனைந்த பள்ளிப் பையின் வாடை, ஊறிய தாளும் கரைந்த பசையும் சேர்ந்த அந்தப் புளித்த வாடை, சமையலறையில் தொடங்கிக் கூடம் முழுவதும் மெல்லப் படர்ந்து, அவள் எந்த அறைக்குப் போனாலும் ஒரு அடி முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தது. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பீரோவை நோக்கி நடந்தாள்.

மேசையைத் தாண்டும்போது நின்றாள்.

இரட்டைக் கோடு நோட்டு திறந்து கிடந்தது. பரண்மேல் மூட்டை கட்டிப் போட்ட நோட்டு. குட்டி போன நாளின் தேதி போட்ட பக்கம், மேலே வெறுமையாக இருந்தது. கீழே இரண்டு கோடுகளுக்குள் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தன எழுத்துகள்.

அமமா நீ ஒணணும எழுதல.

அடுத்த வரி.

அமமா நான தேடினேன.

அவள் வாய்விட்டு அழுதாள். "தெரியும்டா கண்ணு. தெரியும்." அழுதுகொண்டேதான் பீரோவைத் திறந்தாள். அழுதுகொண்டேதான் இழுப்பறைச் சாவியைத் திருகினாள். அவ்வளவு அழுகையிலும் கை தீப்பெட்டியை விடவில்லை.

நோட்டு கனத்தது. நீரில் ஊறியதுபோல.

குச்சியைக் கிழித்தாள். பற்றவில்லை. இன்னொன்று. நமுத்திருந்தது. இப்போது வாங்கி வந்த பெட்டி. மூன்றாவது குச்சியின் தலை மாவாக உதிர்ந்தது.

நோட்டு தானாகப் பிரிந்தது. அவளுடைய மூன்று வரிகள். அவற்றின் கீழே, கோடில்லாத தாளில் தள்ளாடித் தள்ளாடி, பதில்.

அமமா இபபதான படிசசேன.

இனிமே எஙகயும போகமாடடேன.

வீடடுலயே இருககேன.

கதவைச சாததிடடேன.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் திரும்பினாள். வாசல் கதவு. குட்டிக்கு எட்டாத மேல் தாழ்ப்பாள். அதன் கீழே முக்காலி. முக்காலிமேல் இரண்டு சின்னப் பாதங்களின் ஈரம்.

யாருமில்லை.

டக்.

தாளில் ஒரு புள்ளி. ம, ம் ஆயிற்று.

டக். டக்.

பென்சில் இல்லை. கை இல்லை. சொட்டு மட்டும். எங்கிருந்து விழுகிறது என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. டக். டக். டக். கடைசி வரி வரை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெளியே லாரி வந்து நின்றது. செருப்புச் சத்தம். கதவில் தட்டல்.

"ஏய், கதவத் தொற. நாந்தான்."

அவள் வாயைத் திறந்தாள். வாய்க்குள் வாய்க்கால் தண்ணீரின் சுவை. குரல் வரவில்லை.

வலது கையை ஏதோ பொத்தியது. சின்னது. சில்லென்றது. விரல்களுக்கு நடுவே புதுப் பென்சிலைச் செருகியது. மெல்ல, கோபமே இல்லாமல், மேசைக்கு இழுத்துப் போய், இரட்டைக் கோடு நோட்டின்மேல் வைத்து, எழுதத் தெரியாத பிள்ளையை எழுத வைப்பதுபோல் எழுத வைத்தது.

அபபா நான படிககல.

அமமா வேற நோடடுல எழுதிடடா.

"உள்ள என்ன பண்ற? என்னது இது... கதவுக்கடியில தண்ணி வருது? ஏய்! குழாயத் தொறந்து விட்டுட்டியா? பேசு!"

பக்கம் நிரம்பியது. கை விடவில்லை. தாளைத் திருப்பியது. அடுத்த பக்கம். அதே வரிகள். கதவு அதிர்ந்தது. முழங்கால்வரை தண்ணீர். அடுத்த பக்கம்.

அவள் காதோரம், நனைந்த மூச்சாக, சின்னக் குரல் ஒன்று கொஞ்சியது.

"கம்பெனிக்காரி, குடைய எடு."