தொட்டுப் பார்க்காத காய்ச்சல்

நம்பினா நம்புங்க, நம்பாட்டி எழுந்து போங்க. எனக்கு யாரும் பரிதாபப்பட வேணாம்.

முப்பத்தெட்டாம் வருஷம். விராலிமலை ரோட்டுல ஒரு பழைய சத்திரத்தைக் காய்ச்சல் ஆஸ்பத்திரியா மாத்தியிருந்தாங்க. எனக்கு மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கணும்னு வெறி. அங்க இருந்த டாக்டர் நாகராசு, "ஆறு மாசம் எங்கிட்ட வேலை பாரு ரெங்கசாமி. நல்ல சர்டிபிகேட் தாரேன், சீட்டு கிடைச்சிரும்"னார். அவர் மலேரியாவைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். முப்பது கட்டில். மூணு வேளையும் ஒவ்வொருத்தர் கக்கத்துலயும் தெர்மாமீட்டர் வச்சு, கட்டில்ல தொங்குற சார்ட்டுல எழுதணும். அதான் என் வேலை.

எங்க வீட்டு ஆசாரமும் என்னோடவே வந்து தொலைஞ்சுச்சு. கண்டவங்களைத் தொட்டா குளிக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிறது? சில பேருக்கு மூஞ்சியைப் பார்த்தே எழுதிட்டேன். கடைசிக் கட்டில் கண்ணாத்தாளுக்கு எப்பவும் அப்படித்தான். நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிறவ.

"ஐயா, ஒருக்காவாச்சும் தொட்டுப் பாருங்கய்யா. உள்ள கொதிக்குது"ம்பா.

நான் எட்ட நின்னே நூத்தி ரெண்டுன்னு எழுதிட்டு நகர்ந்துருவேன்.

ஒருநாள் உச்சிவேளை. சுவத்துப் பக்கம் திரும்பிப் போர்த்திப் படுத்திருந்தா. வழக்கம்போல நூத்தி ரெண்டு. பின்னாடியே கஞ்சி கொண்டுவந்த ஆயா மருதாயி, போர்வையை விலக்குனதும் அலறிட்டா.

"அய்யோ தம்பி, விடியக்காலமே போயிருக்கு! வெறச்சுக் கெடக்கு. இப்பத்தானே என்னமோ எழுதுனீங்க?"

டாக்டருக்குத் தெரிஞ்சா சர்டிபிகேட் அம்புட்டுத்தான். "இப்பத்தான் உயிர் போச்சுன்னு சொல்லுங்க ஆயா"ன்னு கெஞ்சினேன். காறித் துப்பிட்டுப் போய் அப்படியே சொன்னா. டாக்டர் உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காம நம்பிட்டார். கண்ணாத்தா சார்ட்டை நானே கழட்டி அவர் கையில கொடுத்தேன்.

மறுநாள் உச்சிவேளை. கடைசிக் கட்டில் காலி.

சார்ட்டு தொங்குச்சு.

அன்னைக்குத் தேதி. நூத்தி ரெண்டு. என் கையெழுத்து.

மை காயல.

கிழிச்சுப் போட்டேன். அதுக்கடுத்த நாளும் தொங்குச்சு. பயத்துல ஆசாரமாவது மண்ணாவது, எல்லாரையும் தொட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன். பக்கத்துக் கட்டில் கிழவர் கக்கத்துல கையை விட்டேன் பாருங்க, உள்ளேயிருந்து அஞ்சு விரல் என் மணிக்கட்டைக் கவ்விப் பிடிச்சுது. காய்ப்புக் காய்ச்ச விரல். சில்லுன்னு இருந்துச்சு. கல்லுத்தூசி வாடை மூக்குல ஏறுச்சு. கிழவரோ ரெண்டு கையையும் நெஞ்சு மேல வச்சுத் தூங்கிக்கிட்டிருந்தார்.

"தொட்டுப் பாருங்கய்யா."

ஆறு மாசமும் முடிஞ்சிருந்துச்சு. அன்னைக்கே சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டு ஓடினேன்.

மெட்ராஸ் காலேஜ்ல சர்டிபிகேட்டைப் பார்த்து எல்லாரும் மெச்சினாங்க. கடைசியா உடம்புப் பரிசோதனை. காலேஜ் டாக்டர் என் கக்கத்துல தெர்மாமீட்டர் வச்சார். எடுத்துப் பார்த்தார். உதறினார். வேற ஒண்ணு வச்சார். அப்புறம் இன்னொண்ணு.

பாதரசம் ஏறல.

கையை வச்சுப் பார்த்தவர் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார். என் மனுவைத் தள்ளி வச்சுட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவிக்கிட்டே இருந்தார். என் காதுக்குப் பின்னாடி ஒரு பொம்பளைச் சிரிப்புச் சத்தம்.

சீட்டு போச்சு. முப்பது வருஷம் ஆச்சு. இந்தக் கக்கத்துல இன்னும் சூடே வரல.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? இங்கிட்டு வாங்க.

தொட்டுப் பாருங்க.